இருபது கிலோமீட்டர் எங்கே போச்சு?

"போகும்போது இருநூத்தி எண்பத்தேழு. வரும்போது இருநூத்தி அறுபத்தேழு. நடுவுல இருபது கிலோமீட்டர் எங்கம்மா போச்சு?"

கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியைக்கூட எடுக்காமல், நேராக விசாரணைக் கவுன்ட்டருக்கு வந்திருந்தார்.

உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு ஆறு வருடமாக அதே நாற்காலி. அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளுக்குப் பெயரே 'விசாரணை' என்று ஆகிப்போனது. "விசாரணை, டீ வந்துடுச்சு", "விசாரணை, சார் கூப்பிடறார்" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கழிப்பறை எங்கே, விமானம் ஏன் தாமதம், பெட்டி ஏன் ஈரமாக இருக்கிறது என்று இதுவரை ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். தொலைந்துபோன தூரத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

"காணாமப் போன பொருளுக்குத் தனி ஃபாரம் இருக்குங்க சார்" என்றாள், வாய்ப் பழக்கத்தில்.

வாத்தியார் அவள் தலைக்கு மேலே விரலைக் காட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்ததால் ஒரு நாளும் படித்துப் பார்க்காத போர்டு அது. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. தூரம் 287 கி.மீ. பறக்கும் நேரம் 58 நிமிடம்.

அடுத்து அவர் தன் போனை நீட்டினார். அதில், விமானம் போய் இறங்கும் அந்த ஊர் நிலையத்தின் போர்டு. அதுவும் நீலம், அதுவும் வெள்ளை எழுத்து. தூரம் 267 கி.மீ. பறக்கும் நேரம் 56 நிமிடம்.

"ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு தூரம்தான் இருக்க முடியும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார் வாத்தியார். "இதனால என் குடும்பமே ரெண்டாயிடுச்சு."

"தூரத்தாலயா சார்?"

"அந்த ஊர்லதான் பொண்ணைக் கொடுத்திருக்கேன். நேத்து சம்பந்திகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். நான் இருநூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர் பறந்து உங்களைப் பார்க்க வர்றேன், நீங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கறீங்களேன்னு. அவர் உடனே, எங்க ஊர் போர்டுல இருநூத்தி அறுபத்தேழுதான், நீங்க எப்பவுமே எதையும் கூட்டித்தான் சொல்வீங்கன்னுட்டார். முப்பத்தொரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்து."

சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்த புகாரைக் கொடுத்தார். ஏழு இடத்தில் 'ஆகவே' இருந்தது.

நிலைய மேலாளர் அந்தக் காகிதத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார். அவர் இடி மின்னலுக்குப் பயப்படாதவர். பயப்படுவதெல்லாம் எழுத்தில் வருவதற்கு.

"வாயால சொல்லியிருந்தா காத்தோட போயிருக்கும். எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டானே மனுஷன். தலைமை அலுவலகத்துக்கு நகல்னு வேற போட்டிருக்கான். வெள்ளிக்கிழமை அங்கேர்ந்து ஆய்வு அம்மா வர்றாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உன் கவுன்ட்டர். உன் தலைக்கு மேல இருக்கிற போர்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு போர்டும் ஒண்ணாகணும். இல்லேன்னா உன்னை நிரந்தரமாக்கற ஆர்டர் இந்த டிராயருக்குள்ளயே நிரந்தரமா இருந்துடும்."

தற்காலிகம் என்று ஆறு வருடம் கையெழுத்துப் போட்டுப் போட்டு, இப்போதுதான் அந்த ஆர்டர் டிராயர் வரைக்கும் வந்திருக்கிறது. ஓர் ஒப்புதல் கையெழுத்துத்தான் பாக்கி.

அந்த ஊர் விசாரணைக் கவுன்ட்டருக்குப் போன் போட்டாள். அங்கே இருப்பவரை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் தினமும் நாலு தடவை பேசுவார்கள். விமானம் கிளம்பியாச்சு, இறங்கியாச்சு, பெட்டி ஒன்று இங்கே மிஞ்சியிருக்கிறது, இப்படி. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு.

"அண்ணே, உங்க போர்டுல தூரம் கம்மியா இருக்காம்."

"எங்களது கம்மியா இல்ல தங்கச்சி. உங்களது அதிகமா இருக்கு."

"எங்க சார் உங்களை மாத்தச் சொல்றார்."

"எங்க சாரும் உங்களைத்தான் மாத்தச் சொல்வார். இன்னும் கேக்கல. ஆனா அதைத்தான் சொல்வார்."

"ஒரு எண்ணுதானே அண்ணே, கொஞ்சம் விட்டுக்கொடுக்கக்கூடாதா?"

"திறப்பு விழா அன்னிக்கு மாட்டின போர்டும்மா. அதுக்குக் கீழ நின்னுதான் பெரிய மனுஷங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அது தப்புன்னா அவங்க எல்லாரும் தப்புக்குக் கீழ நின்னு சிரிச்சாங்கன்னு ஆயிடும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டான். வீட்டு முன்னறைதான் அவன் கடை. பாதி தைத்த ஒரு கோட்டு கையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அளவெடுக்காம நான் ஒரு கைக்குட்டைகூட வெட்ட மாட்டேன். நீங்க என்னடான்னா விமானத்தையே விட்டிருக்கீங்க" என்றான்.

"ஏங்க, கிண்டல் பண்ற நேரமா இது?"

"கிண்டல் இல்லம்மா. பாப்பாவோட பூகோளப் புத்தகத்தை எடு."

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, வரைபடத்தின் மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தான். பெருக்கிப் பார்த்தால் இருநூற்று நாற்பத்திரண்டு வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரெண்டு பக்கமும் தையலுக்கு விடணும் என்று பக்கத்துக்கு நாலு சேர்த்து இருநூற்று ஐம்பது ஆக்கினான்.

"மூணாவது ஒரு எண் எனக்கு எதுக்குங்க?"

"எது சரியான அளவுங்கிறதா உன் பிரச்சினை? ரெண்டும் ஒரே அளவா இருக்கணும், அவ்வளவுதானே. ரெண்டு கையில ஒண்ணு நீளமாப் போச்சுன்னா நான் நீளமானதைத்தான் குறைப்பேன். நீயே இறங்கிப் போயிடு. உன் போர்டை அறுபத்தேழு ஆக்கிடு."

அது அவளுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளரிடம் அதையே சொன்னாள். எது சரி என்பது முக்கியமில்லை, ஒன்றாக இருப்பதுதான் முக்கியம் என்றதும், பதினாறு வருடமாக அவர் அரசல்புரசலாக நம்பிவந்ததை யாரோ அழகாகச் சொல்லிவிட்டதுபோல் மேலாளர் முகம் தெளிந்தது. உடனே போர்டு எழுதுகிறவரை வரச் சொன்னார்.

போர்டுக்காரர் வாயில் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டே வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்ன எழுத்து, என்ன கலர், எவ்வளவு பெரிசு, இந்த மூன்றோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

"இந்த எட்டை ஆறாக்கணும். கீழ ஐம்பத்தெட்டையும் ஐம்பத்தாறாக்கிடுங்க" என்றாள் விசாரணை.

போர்டுக்காரர் போர்டை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நம்பர் இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

"நம்பர் எங்க கவலை. பெயிண்ட் உங்க கவலை" என்றார் மேலாளர்.

போர்டுக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். நீலத்தால் இரண்டு எட்டையும் அழித்து, பையிலிருந்து தகர அச்சை எடுத்து வைத்து, இரண்டு ஆறை இறக்கினார். பத்து நிமிட வேலை. 267. 56.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டு, அண்ணனுக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, நேத்து சாயங்காலம் பூரா எனக்கு மனசே சரியில்ல. நான் ரெண்டு மாசத்துல வீட்டுக்குப் போறவன். ஒரு இருபது கிலோமீட்டரைப் புடிச்சுக்கிட்டு உன் வேலையைக் கெடுக்கறதான்னு தோணிச்சு. எங்க சார் கையில கால்ல விழுந்து போர்டை மாத்திட்டேன். இப்ப எங்களதும் இருநூத்தி எண்பத்தேழு. உனக்குச் சந்தோஷம்தானே?"

அவள் தலையைத் திருப்பித் தன் போர்டைப் பார்த்தாள். ஆறு ஈரம் காயாமல் பளபளத்தது.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"அண்ணே, நாங்க இப்பதான் உங்களுக்காக அறுபத்தேழு ஆக்கினோம்."

இரண்டு ஊருக்கும் இடையில், அது எத்தனை கிலோமீட்டரோ அத்தனை கிலோமீட்டருக்கும், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

புதன்கிழமை காலை வாத்தியார் மறுபடி வந்துவிட்டார். இந்த முறை கையில் பெட்டியும் இருந்தது.

"முந்தாநாள் இருபது கிலோமீட்டர் காணோம். இன்னிக்கு அது இடம் மாறியிருக்கு" என்றார். "சம்பந்தி விடிஞ்சதும் போன் பண்ணிட்டார். இப்ப அவர்தான் அதிக தூரம் வர்றவராம். அதனால நான்தான் முதல்ல போய் அவரைப் பார்க்கணுமாம். சமாதானம் பேசக் கிளம்பிட்டேன்."

"நீங்க போய் இறங்கறதுக்குள்ள சரியாயிடும் சார்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

அவர் விமானத்தில் ஏறியதும் அண்ணனைப் பிடித்தாள். அந்த ஊர் லைனில் அன்றைக்குப் பார்த்துக் கொரகொரவென்று ஒரே இரைச்சல்.

"அண்ணே, நீங்க எதையும் தொடாதீங்க, நான் மாத்திக்கறேன்" என்று இவள் கத்தினாள். அதே நொடியில் அவரும் அந்தப் பக்கம் ஏதோ கத்தினார். என்ன என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. எதுவாயிருந்தாலும் சம்மதம்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

போர்டுக்காரர் மறுபடி வந்தார். இரண்டு ஆறையும் எட்டாக்கினார். பூச்சுக்கு மேல் பூச்சு ஏறியதில் எட்டு கொஞ்சம் உடம்பு வைத்த மாதிரி இருந்தது.

விமானம் அங்கே போய் இறங்கிய பத்தாவது நிமிடம் வாத்தியாரிடமிருந்து போன் வந்தது.

"விசாரணைதானே? இங்க நான் போர்டுக்கு முன்னால நிக்கறேன். இருநூத்தி அறுபத்தேழு. உங்களுது?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்பத்தேழு சார்."

"அப்ப நான் பறந்துகிட்டிருக்கும்போதே ஊர் இருபது கிலோமீட்டர் நகர்ந்திருக்கு" என்றார் வாத்தியார். குரலில் கோபம்கூட இல்லை. "ஓய்வு வாங்கிட்டு வீட்டுல சும்மா இருந்திருக்கணும். என் தப்பு."

மத்தியானம் விமானம் திரும்பி வந்ததும் மேலாளர் கேப்டனையே அறைக்குள் கூப்பிட்டுவிட்டார். விசாரணை நோட்டும் பேனாவுமாக ஓரத்தில் நின்றாள். தினமும் அந்த வழியில் போய்வருகிற ஒரே மனிதர் அவர்தான். முதல் நாளே அவரைக் கேட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாதது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு தூரம்? நூத்தி நாப்பத்தெட்டு" என்றார் கேப்டன் சாவகாசமாக.

மேலாளர் நாற்காலியில் சரிந்தார். "பாதிதான் இருக்கா?"

"கடல் மைல் சார். நாங்க அதுலதான் கணக்கு வைப்போம்."

"நம்ம வழியில ஒரு குளம்கூடக் கிடையாதே. கடல் மைல்னு போர்டுல போட்டா ஆய்வு அம்மா என்னை எதுல மிதக்க விடுவாங்க?"

விசாரணை நோட்டில் பெருக்கிப் பார்த்தாள். கிலோமீட்டரில் இருநூற்று எழுபத்து நாலு வந்தது. எண்பத்தேழும் இல்லை, அறுபத்தேழும் இல்லை, கணவனின் ஐம்பதும் இல்லை. நோட்டை மெதுவாக மூடிக்கொண்டாள்.

"சரி, நேரம் எவ்வளவு? அதையாவது சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"அது காத்தைப் பொறுத்தது சார். பின்னாலேருந்து தள்ளிச்சுன்னா நாப்பத்தஞ்சு. எதிர்த்து அடிச்சா ஐம்பத்தஞ்சு. சில நாள் அறுபதுகூட."

"அப்ப திட்டவட்டமா சொல்ல முடியாது."

"காத்துதான் சொல்லணும்."

"காத்துகிட்ட எழுத்துல வாங்க முடியுமா?" என்று மேலாளர் கேட்டார். கேப்டன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேலாளர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை மேலாளர் புது முகத்தோடு வந்தார். குளித்து, சவரம் செய்து, ஒரு முடிவோடு.

"போர்டை இனிமே தொட வேண்டாம். போர்டு சரின்னு காட்டிடுவோம். ஆய்வு அம்மா நாளைக்கு அந்த ஊரிலேர்ந்து நம்ம விமானத்துலதான் வர்றாங்க. கையில கடிகாரம் கட்டியிருப்பாங்க. தூரத்தை யாரும் டேப் வச்சு அளக்க முடியாது, நேரத்தை மட்டும்தான் பார்க்க முடியும். சரியா ஐம்பத்தெட்டாவது நிமிஷம் அவங்க கால் தரையில படணும். அப்ப நம்ம போர்டு சரி, அந்த ஊர் போர்டு தப்பு. தீர்ந்துது."

"நாளைக்குப் பின்காத்து சார். நாப்பத்திநாலு நிமிஷத்துல வந்துடும்னு கேப்டன் சொன்னாரே."

"பதினாலு நிமிஷம் மிச்சம். தெரியும். விமானம் சீக்கிரம் வரட்டும். ஏணி வண்டி லேட்டா போகட்டும்."

அன்று சாயங்காலம் இதைக் கேட்டதும் அவள் கணவன் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"துணி பத்தலேன்னா ஆளைக் குனிஞ்சு நடக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை. காற்று சொன்னபடி அடித்தது. நாற்பத்து நான்காவது நிமிடம் விமானம் தரையில் உருண்டு, கட்டடத்துக்கு அறுபது அடி தள்ளி வந்து நின்றது.

ஏணி வண்டி டிரைவர் இயல்பிலேயே அவசரக்காரர். விமானம் நிற்கும் முன்பே ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டுப் பெருமைப்படுகிறவர். அறுபது அடியைப் பதினாலு நிமிடத்தில் கடக்கச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே. வண்டியைக் கிளப்பினார். ஓர் அடி போனார். நிறுத்தி இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு அடி. கண்ணாடியைத் துடைத்தார். ஓர் அடி பின்னால் வந்தார். வண்டிக்கு முன்னால் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்ததோ என்னவோ, குனிந்து கையைக் காட்டி வழிவிட்டார்.

விமானத்தின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

விசாரணையின் போன் அடித்தது.

"நான்தான்" என்றார் வாத்தியார், உள்ளேயிருந்து. "சம்பந்தியும் கூட இருக்கார். சமாதானமாயிட்டோம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். அந்த ஏணி ஏன் எங்களைப் பார்த்துப் பயப்படுது?"

"கொஞ்சம் பொறுங்க சார், வந்துகிட்டே இருக்கு."

"வருது, போகுது, வருது. முன்னால ரெண்டு அடி, பின்னால ஒரு அடி. இப்படி ஒரு கணக்கை நான் ஆறாங்கிளாஸ் பரிட்சையில கொடுத்திருக்கேன். அதுல வர்றது நத்தை."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினார். ஏணி சாத்தப்பட்டது. கதவு திறந்தது. குட்டையான ஒரு அம்மாள், பெரிய கைப்பையும் பெரிய ஃபைலுமாக இறங்கி, தரையில் கால் வைத்து, தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு நிமிஷம்" என்றார்.

மேலாளர் மலர்ந்தார். "எங்க போர்டுலயும் அதேதான் மேடம்."

"ஏணி ஏன் அவ்வளவு மெதுவா வந்துச்சு?"

"பாதுகாப்பு மேடம்."

அந்த அம்மாள் உள்ளே நடந்தார். நேராகக் கவுன்ட்டருக்கு. போர்டை அண்ணாந்து பார்த்தார். ஃபைலைத் திறந்தார். மேலே இருந்தது வாத்தியாரின் இரண்டு பக்கப் புகார். வாத்தியாரும் சம்பந்தியும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்கள். போர்டின் ஓரத்தில் வழிந்திருந்த பெயிண்டைச் சுரண்டுவதற்காக வந்திருந்த போர்டுக்காரர், ஸ்டூலில் ஏறியவர் இறங்க நேரமில்லாமல் அப்படியே மேலேயே நின்றார்.

"இந்தப் புகாரை நாங்க அலட்சியம் பண்ணல" என்றார் ஆய்வு அம்மாள். "கிளம்பறதுக்கு முன்னாடியே தலைமை அலுவலகப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துட்டேன். அதுல என்ன இருக்குன்னா..."

பக்கத்தைப் புரட்டினார். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூரம் இருநூத்தி எண்பத்தேழு. நேரம் ஐம்பத்தெட்டு. உங்க போர்டுதான் சரி."

மேலாளர் கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. டிராயருக்கு ஓடினார். ஆர்டரை எடுத்து வந்தார். ஆய்வு அம்மாள் அங்கேயே, கவுன்ட்டர் மேலேயே வைத்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டு விசாரணையின் கையில் கொடுத்தார். ஆறு வருடத்துக் காகிதம்.

"அந்த ஊர் கவுன்ட்டர்காரருக்கு மெமோ போகும்" என்றார் ஆய்வு அம்மாள் ஃபைலைக் கட்டிக்கொண்டே. "தப்பான தகவலைப் பொதுமக்களுக்கு ஆறு வருஷமா காட்டியிருக்கார். ஓய்வு பெறப் போற நேரம். விசாரணை முடியற வரைக்கும் பென்ஷன் எல்லாம் நிறுத்திவைப்பாங்க."

மேசைப் போன் அடித்தது. அண்ணன்தான். விமானம் இறங்கிவிட்டதா என்று கேட்பதற்காக, தினமும் கூப்பிடுகிறபடி. அவளால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டாள்.

"பரவாயில்ல தங்கச்சி" என்றார். "தப்பான போர்டுக்குக் கீழதான் இத்தனை நாளா உக்காந்திருந்திருக்கேன் போல. உனக்கு ஆர்டர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணே."

"அது போதும்."

அவள் போனை வைத்தாள். கையிலிருந்த ஆர்டர் இரும்பு மாதிரி கனத்தது. இதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கணவன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பான். ஆனால் நாளைக் காலையில் அதே போனை எடுத்து, விமானம் கிளம்பியாச்சு அண்ணே என்று எந்தக் குரலில் சொல்வது?

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். தப்பா நினைக்கக்கூடாது."

"சொல்லும்மா."

"பதிவேட்டுல இருக்கிற அந்த எண், அது எங்கிருந்து வந்துச்சு?"

ஆய்வு அம்மாள் ஃபைலை மறுபடி அவிழ்த்துத் தேடினார். "இதோ. திறப்பு விழாப் படத்துல தெரிஞ்ச போர்டைப் பார்த்துப் பதிவு செய்யப்பட்டது."

"எந்த போர்டு மேடம்?"

"இந்த போர்டுதான்."

"அப்ப போர்டு சரின்னு எப்படித் தெரியும்?"

"அதான் பதிவேட்டுல இருக்கே."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும். இதுக்குப் பேரு நிரூபணம் இல்ல. வட்டம்."

மேலாளர் அவளைப் பார்த்த பார்வையில், கையிலிருக்கும் ஆர்டரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியுமா என்ற கணக்கு ஓடியது. ஆனால் ஆய்வு அம்மாள் கெட்டிக்காரர். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த போர்டை முதன்முதல்ல எழுதினது யாரு?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸ்டூலின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தாங்க."

அத்தனை தலைகளும் மேலே திரும்பின. போர்டுக்காரர் வாயிலிருந்து தீக்குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர் போர்டும் நான்தான். ரெண்டும் ஒரே நாள்ல, என் ஷெட்டுல வச்சு எழுதினது."

"உங்களுக்கு இந்த எண்ணை யார் கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கலீங்க. வந்த தாள்ல தூரம்னு போட்டு இடம் காலியா இருந்துச்சு. நேரமும் அப்படித்தான். மறுநாள் விழா. கேக்கப் போனா எல்லாரும் பந்தல் வேலையில ஓடிக்கிட்டிருந்தாங்க. காலியா விட்டா பார்க்க நல்லாயிருக்காதேன்னு எடுப்பா இருக்கிற எண்ணாப் பார்த்து நானே போட்டுட்டேன்."

மேலாளர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார். ஆய்வு அம்மாளின் பேனா அந்தரத்தில் நின்றது. சம்பந்தி வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் போர்டைப் பார்த்தார்.

"சரி, நீங்களா போட்டதாவே இருக்கட்டும்" என்றார் வாத்தியார், இன்னும் விடாமல். "ரெண்டு போர்டுலயும் ஒரே எண்ணைப் போட்டுத் தொலைச்சிருக்கக்கூடாதா?"

"ஒரே எண்ணுதான் சார் போடறதா இருந்தேன்" என்றார் போர்டுக்காரர். "முதல் போர்டை முடிச்சதும் எட்டு அச்சு உடைஞ்சுபோச்சு, கையில ஆறுதான் இருந்துச்சு, அதான் அந்த ஊர் கொஞ்சம் கிட்ட வந்துடுச்சு."